இயங்குதளத்தை மாற்றும் முன் எரிச்சல்களைக் கணக்கெடுப்பது எப்படி?

எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்டால், பெரும்பாலானோர் தாம் பயன்படுத்துவதையே கைகாட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பல ஆண்டுகளாக அவர்களுடைய வேலையும் விரல்களும் அந்த இயங்குதளத்தோடு இசைந்துவிட்டன. அதன் குறைகளைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளும் பழகிவிட்டதால், குறைகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே இன்னொருவரின் விருப்பத்தைக் கடன் வாங்கி இயங்குதளத்தை மாற்றுபவர், தமக்குத் தெரிந்த எரிச்சலைக் கொடுத்துவிட்டுத் தெரியாத எரிச்சலை வாங்கிக்கொள்கிறார். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் சொந்த எரிச்சல்களை வைத்தே கண்டுபிடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

இந்த முறையை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரே மடிக்கணினியில் ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை இயங்குதளத்தை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் வாரம் வேகமாக இருந்தது, பிறகு பழைய மந்தம் திரும்பியது. கடைசியில் அதிலிருந்த சுழலும் வன்வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தியபோது, நான் முதலில் திட்டிக்கொண்டே கைவிட்ட இயங்குதளமே ஒழுங்காக ஓடத் தொடங்கியது. மூன்று முறை கோப்புகளை நகலெடுத்து, மூன்று முறை மென்பொருள்களை நிறுவிக் கழித்த வார இறுதிகளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

குறிப்பேடு

முதலில் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு வெளியே, காகிதத்தில் இருப்பது நல்லது. கணினி உறைந்து நிற்கும்போதுதான் எழுத வேண்டியது அதிகமாக இருக்கும். ஒவ்வொரு முறை எரிச்சல் வரும்போதும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கணினி என்ன செய்தது, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, எத்தனை நிமிடம் வீணானது. "மறுபடியும் தொல்லை" என்று எழுதினால் பயனில்லை. "காணொலி அழைப்புக்கு மூன்று நிமிடம் இருக்கையில் மறுதொடக்கம் செய்யச் சொன்னது, தள்ளிப்போட முடியும் என்று நினைத்தேன், பன்னிரண்டு நிமிடம் போயிற்று" என்று எழுதினால் அந்தக் குறிப்பிலிருந்து தீர்வுக்கு வழி கிடைக்கும்.

முதல் மூன்று நாள்களில் பக்கங்கள் வேகமாக நிரம்பும், ஏனென்றால் குறை தேடும் மனநிலையில் இருப்பீர்கள். இரண்டாம் வாரத்தில் எழுதப்படுபவையே நம்பத்தக்கவை. இரண்டு வாரங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற குறிப்புகளை அடிக்கோடிட்டு, ஒரே ஒரு முறை வந்தவற்றை அடித்துவிடுங்கள்.

நான்கு குவியல்கள்

எஞ்சிய குறிப்புகள் ஒவ்வொன்றையும் பழக்கம், அமைப்பு, வன்பொருள், இயல்பு என்ற நான்கு குவியல்களில் ஒன்றில் போட வேண்டும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தால், இயங்குதளத்தை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பழக்கத்தால் வரும் எரிச்சலை அடையாளம் காண்பது எளிது: கணினி தன் விதிப்படி சரியாகவே நடந்திருக்கும், உங்கள் கை வேறு விதியை எதிர்பார்த்திருக்கும். விண்டோஸில் நகலெடுக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பழகியவர், மேக்கில் கட்டைவிரலால் கமாண்ட் விசையை அழுத்த வேண்டியிருப்பதைக் கண்டு தடுமாறுவார். விண்டோஸில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து என்டர் விசையை அழுத்தினால் கோப்பு திறக்கும். மேக்கின் ஃபைண்டரில் அதே செயல் கோப்பின் பெயரை மாற்றச் சொல்லும். மேக்கில் சாளரத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சாளரம் மட்டுமே மூடும், பெரும்பாலான செயலிகள் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கமாண்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் செயலிகளுக்கு இடையேதான் தாவும், ஒரே செயலியின் இரண்டு சாளரங்களுக்கு இடையே தாவாது. லினக்ஸுக்கு வருபவர்களைத் திடுக்கிட வைப்பது சுட்டியின் நடுப்பொத்தான்: பெரும்பாலான லினக்ஸ் மேசைத்தளங்களில் (திரையில் தெரியும் சாளரங்கள், பட்டியல்கள் ஆகியவற்றின் தொகுப்பு), ஒரு சொற்றொடரைத் தேர்ந்தெடுத்தாலே அது தனியே நினைவில் நின்று, நடுப்பொத்தானை அழுத்திய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தெரியாதவருக்கு அது பேய் வேலை. தெரிந்தவருக்கு அதை விட்டுப் பிரிய மனம் வராது.

இதை வெறும் பழக்கம் என்று இகழ்ந்துவிடவும் கூடாது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானைத் திரையின் மூலையிலிருந்து எடுத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 2013இல் வந்த 8.1 பதிப்பில் அந்தப் பொத்தான் திரும்பியது. 2011இல் லினக்ஸின் க்னோம் மேசைத்தளம் தன் மூன்றாம் பதிப்பில் தோற்றத்தையே மாற்றியபோது, பழைய அமைப்பை விரும்பியவர்கள் மாத்தே, சினமன் என்ற தனி மேசைத்தளங்களையே உருவாக்கிக்கொண்டார்கள். விரல்களின் நினைவு அவ்வளவு வலியது. ஆகவே பழக்கக் குவியல் பெரிதாக இருந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இயங்குதளத்துக்கு நீங்கள் வந்து எவ்வளவு காலம் ஆகிறது? ஒரு மாதத்துக்குள் என்றால் பொறுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு கடந்தும் விரல்கள் இடறுகின்றன என்றால், விசைகளை மாற்றியமைக்கும் கருவிகளை நாடலாம். விண்டோஸில் பவர்டாய்ஸ், மேக்கில் கராபினர் எலிமென்ட்ஸ் ஆகியவை இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

அமைப்பு, அதாவது செட்டிங்ஸ் குவியலில் விழுபவை பத்து நிமிடத்தில் தீரக்கூடியவை, ஆனால் ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடப்பவை. வேலை நேரத்தில் மறுதொடக்கம் செய்வதைத் தடுக்க, விண்டோஸின் புதுப்பிப்பு அமைப்பில் நீங்கள் கணினியில் வேலை செய்யும் நேரத்தை அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறித்து வைக்கலாம். கணினியைத் தொடங்கியதும் தாமாக எழுந்துகொள்ளும் செயலிகளை டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொன்றாக அணைக்கலாம். விண்டோஸ் 11இல் வலச்சொடுக்கினால் வரும் சுருக்கப் பட்டியல் பிடிக்காதவர்கள், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வலச்சொடுக்கினால் பழைய முழுப் பட்டியல் நேரடியாக வரும். தொடுபலகையில் உருட்டும் திசை தலைகீழாக இருக்கிறது என்பது 2011இல் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன் வந்ததிலிருந்து கேட்டுவரும் குறை. அது ஒரே ஒரு பொத்தானில் மாறக்கூடியது. சாளரங்களைத் திரையின் பாதியில் ஒட்டவைக்க முடியவில்லை என்று மேக்கைக் குறை சொன்னவர்களுக்கு, 2024இல் வந்த செகோயா பதிப்பு அந்த வசதியைத் தந்துவிட்டது. இயங்குதளத்தின் மேல் முடிவான தீர்ப்பு எழுதும் முன், அதன் அமைப்புகள் பக்கத்தை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து தொடக்கம் முதல் கடைசி வரை வாசிப்பவர் மிகச் சிலரே. வாசியுங்கள்.

வன்பொருள் குவியலைப் பிரிக்க ஊகம் வேண்டாம், அளந்து பார்க்கலாம். கணினி மந்தமாக இருக்கும் அந்த நிமிடத்தில் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையோ, மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையோ, லினக்ஸில் சிஸ்டம் மானிட்டரையோ திறந்து பாருங்கள். விண்டோஸில் வட்டுப் பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டபடி நின்றால், உள்ளே இருப்பது சுழலும் வன்வட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ராம் நிரம்பி வழிந்தால், 4 ஜிபி ராமில் இருபது உலாவித் தாவல்களைத் திறந்து வைத்திருப்பீர்கள். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான மேசைத்தளம் கொண்ட லினக்ஸுக்கு மாறினால் இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் நினைவகம் குறையும் என்பது உண்மை. ஆனால் உலாவியின் பசி எந்த இயங்குதளத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நான்காவது குவியல் இயல்பு. அந்த இயங்குதளம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது, எந்த அமைப்பாலும் எந்தப் பழக்கத்தாலும் அது மாறாது என்று உறுதியானவற்றை மட்டுமே இதில் போட வேண்டும். விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலகத்தையும் (புராசசர்) கேட்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி ஒரே நாளில் பாதுகாப்புப் புதுப்பிப்பை இழந்தது பலருக்கு நியாயமான கோபம். 2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, பணிப்பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்தும் வசதியும் நீக்கப்பட்டிருந்தது. மேக் ஓஎஸ் ஆப்பிளின் கணினிகளில் மட்டுமே முறையாக ஓடும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் செயலிகள் அனைத்தும் நின்றுபோயின. இன்டெல் செயலகம் கொண்ட மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு 2025இல் வந்த டஹோ. லினக்ஸில் அடோபி ஃபோட்டோஷாப்போ, மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் முழு மேசைப் பதிப்போ நேரடியாகக் கிடைப்பதில்லை. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இயங்குதளத்தின் ஆழம் வரை செலுத்தும் இணைய விளையாட்டுகள் பல அங்கே ஓடுவதில்லை. சில கைரேகை உணரிகளுக்கு இயக்கி மென்பொருளே இல்லை.

இந்தக் குவியலில் ஒன்றும் இல்லை என்றால் மாற வேண்டாம். ஒன்றிரண்டு இருந்து, அவை உங்கள் அன்றாட வேலையைத் தொடுகின்றன என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

விட முடியாதவற்றின் பட்டியல்

அடுத்தபடியாக, எந்த மென்பொருள்கள் இல்லாமல் உங்கள் வேலை நின்றுபோகுமோ அவற்றை எழுதுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நீங்கள் நேர்மையாக எழுதவில்லை. பெரும்பாலானோருக்கு அது ஐந்தைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் போக நினைக்கும் இயங்குதளத்தில் அது அப்படியே கிடைக்கிறதா, உலாவியில் கிடைக்கிறதா, மாற்று மட்டும்தான் இருக்கிறதா என்று குறியுங்கள். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம் 1993இலிருந்து வளர்ந்து வருகிறது. அதன் மேல் கட்டப்பட்டு 2018இல் வெளிவந்த புரோட்டான் மூலம் ஏராளமான விளையாட்டுகளும் ஓடுகின்றன. ஆனாலும் வருமானம் சார்ந்திருக்கும் ஒரு மென்பொருளை வைனை நம்பி விட்டுவைக்க நான் துணியமாட்டேன்.

மாற்று மட்டும் இருக்கும் இடங்களில், மாதிரிக் கோப்பைக் கொண்டு சோதிக்காதீர்கள். உங்களிடம் இருப்பவற்றிலேயே மிகவும் சிக்கலான கோப்பை, அடிக்குறிப்புகளும் அட்டவணைகளும் திருத்தக் குறிப்புகளும் நிறைந்த ஒன்றை, லிப்ரே ஆஃபிஸில் திறந்து பாருங்கள். பக்கங்கள் நகர்ந்துவிட்டால் முதலில் எழுத்துருவைச் சந்தேகியுங்கள்: கலிப்ரி இல்லாத கணினியில் கார்லிட்டோவையும், கேம்ப்ரியா இல்லாத இடத்தில் கலடியாவையும் நிறுவினால், எழுத்துகளின் அகலம் ஒத்திருப்பதால் வரிகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். மேக்ரோக்கள் (தானியங்கிக் கட்டளைத் தொகுப்புகள்) நிறைந்த கணக்குத் தாள்களுக்கு இத்தகைய எளிய மருந்து கிடையாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தம் விசைப்பலகை அமைப்பையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழ்99 மூன்று இயங்குதளங்களிலும் கிடைக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும். பழைய தட்டச்சுப் பொறி அமைப்பில் பழகியவர்கள்தாம் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால், அவற்றை இப்போதைய கணினியிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.

நிறுவாமல் பார்ப்பது

லினக்ஸைப் பொறுத்தவரை, நிறுவாமலே சோதிக்கும் வழி இருப்பது பெரிய வசதி. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மூலம் இயங்குதளத்தை எழுதி, கணினியைத் தொடங்கும்போது அதன் தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்தி, அதிலிருந்தே கணினியை ஓட்டலாம். அந்த விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெரும்பாலும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். பென் டிரைவில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். இப்படி ஓடும்போது வேகத்தை எடைபோடாதீர்கள், பென் டிரைவ் மெதுவானது. வைஃபை இணைகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி உறக்கத்திலிருந்து சரியாக எழுகிறதா, புளூடூத் ஒலிவாங்கி வேலை செய்கிறதா, வெளித்திரையும் அச்சுப்பொறியும் தெரிகின்றனவா என்பவற்றைச் சோதியுங்கள். மூடியைத் திறந்ததும் கருப்புத் திரையோடு நிற்கும் மடிக்கணினி, மற்ற எல்லாச் சிறப்புகளையும் தின்றுவிடும்.

லினக்ஸில் எந்த வழங்கலை, அதாவது லினக்ஸை மூலமாகக் கொண்டு தொகுத்த எந்த வகையை, எடுப்பது என்ற கேள்வியில் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. முதல் முறை என்றால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்போ லினக்ஸ் மின்ட்டோ போதும். உபுண்டுவில் அத்தகைய பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளிவருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு இலவச ஆதரவு உண்டு. விண்டோஸ் தோற்றத்துக்குப் பழகியவருக்கு மின்ட்டின் சினமன் மேசைத்தளம் அந்நியமாகத் தோன்றாது.

மேக்கைச் சோதிக்க இத்தகைய வழி இல்லை. வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, அரை நாளாவது உங்கள் சொந்த வேலையை அதில் செய்து பாருங்கள். மேக்கை வாங்கிவிட்டுப் பிறகு விண்டோஸையும் அதில் நிறுவிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், 2020இல் எம்1 சில்லோடு தொடங்கிய ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் விண்டோஸை நேரடியாக நிறுவ உதவும் பூட் கேம்ப் வசதி இல்லை என்பதையும், மெய்நிகர் கணினி (மேக்குக்குள் ஒரு செயலியாக ஓடும் கணினி) வழியாகவே விண்டோஸை ஓட்ட முடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோப்புகளை எடுத்துச்செல்வது

முடிவெடுத்த பின் அதிகத் தொல்லை தருவது கோப்புகளே. இரண்டு நகல்கள் எடுங்கள், அவற்றுள் ஒன்று கணினியோடு இணைக்கப்படாத வட்டில் இருக்கட்டும். அந்த வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தால் (ஃபார்மேட் செய்தால்) மூன்று இயங்குதளங்களும் படிக்கவும் எழுதவும் செய்யும். ஃபேட்32 முறையில் ஒரு தனிக்கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நீண்ட காணொலிகள் நகலாகாமல் நிற்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது.

கோப்புப் பெயர்களிலும் கண்ணிகள் உண்டு. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் போன்ற ஒன்பது குறிகளை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. லினக்ஸோ சாய்கோட்டைத் தவிர ஏறத்தாழ எல்லாவற்றையும் ஏற்கும். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதால், ஒரே கோப்புறையில் எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் இருக்கலாம். அவற்றை விண்டோஸுக்கோ மேக்குக்கோ நகலெடுக்கும்போது ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும் ஆபத்து உண்டு. விண்டோஸுக்குப் போகிறவர்கள் ஆழமான கோப்புறை அடுக்குகளையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் முழுப் பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டினால் பல செயலிகள் கோப்பைத் திறக்க மறுக்கும்.

ஒரே கணினியில் இரண்டு

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, முடிந்தால் இரண்டையும் தனித்தனி வட்டுகளில் வையுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒரே வட்டில் வைப்பவர்கள் தொடங்கும் முன் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை வெளியே எழுதி வைப்பது. தொடக்க அமைப்புகளைத் தொட்டதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அப்போது சாவி இல்லாவிட்டால் கோப்புகள் திரும்பி வரமாட்டா. இரண்டாவது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைப்பது. அது இயங்கினால், கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ், விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியில் எழுத மறுக்கும். மூன்றாவது கடிகாரம். விண்டோஸ் கணினியின் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் மணி சில மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் ஒரே ஒரு கட்டளையில் இது தீர்ந்துவிடும், ஆனால் காரணம் தெரியாதவர் மதர்போர்டின் மின்கலத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

புதிய இயங்குதளத்தில் முதல் வாரம் எதையும் பழைய தோற்றத்துக்கு வளைக்காதீர்கள். அதன் இயல்பான வழியில் வேலை செய்து பாருங்கள். குறிப்பேட்டில் புதிய பக்கம் தொடங்கி, அதே நான்கு செய்திகளோடு எரிச்சல்களை எழுதிவாருங்கள். ஒரு மாதம் முடிந்ததும் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்து, இயல்புக் குவியலில் விழுபவற்றையும் அவற்றால் வீணான நிமிடங்களையும் ஒப்பிடுங்கள். பழைய இயங்குதளம் இருக்கும் வட்டை அதுவரை அழிக்க வேண்டாம்.